மேடையே குருகுலமாக: எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தகுதி பற்றி ஒரு மதிப்பீடு

கருநாடக இசையின் வரலாற்றை எழுதியோர் எஸ். ஜி. கிட்டப்பாவை (1906–1933) பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். நாடக வரலாற்றை எழுதியோர் அவருக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகின்றனர். ஆயினும் அப்பக்கங்களில் புகழ்மொழி மிகுதி, இசை பற்றிய செய்தி குறைவு. 'கந்தருவ கானம்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதன்பின் ஆராய ஒன்றுமில்லை என்று கருதிவிட்டனர் போலும். இவ்விரு சாராருக்கும் இடையில், தமிழ் இசை நாடக மேடையின் தலைசிறந்த பாடகர் ஒருவரின் இசைத்தகுதி இன்றளவும் முறையாக மதிப்பிடப்படாமலே நிற்கிறது. இருபத்தேழு ஆண்டுகளே வாழ்ந்த ஒருவரைப் பற்றிய செய்தி என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. செவ்விசைப் பயிற்சி என்று நாம் எதனைச் சொல்கிறோம், அதனை வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் கேள்விகள் இதற்குள் அடங்கியுள்ளன.

கிட்டப்பா செங்கோட்டையிற் பிறந்தவர். அவ்வூர் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது; 1956-இல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சிறு வயதிலேயே உடன்பிறந்தாருடன் நாடகத்திற்கு வந்து, சங்கரதாச சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய குழுவிற் பயின்று, பின்னர்க் கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' முதலிய நாடகங்களால் பெயர் பெற்றார். 1926-இல் கொழும்பில் கே. பி. சுந்தராம்பாளைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு அது இரண்டாம் மணம். சில ஆண்டுகள் இருவரும் இணைந்து நடித்தனர். பின்னர்ப் பிரிவு, நோய். 1933 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தார். வாழ்க்கைச் செய்திகள் பலராலும் எழுதப்பட்டுவிட்டமையால் இங்கு இவ்வளவே போதும்.

பயிற்சி என்னும் சொல்

கிட்டப்பாவைப் பற்றிப் பேசுவோர் தவறாமற் சொல்லும் ஒரு கூற்று, அவர் முறையாக இசை பயிலாதவர் என்பதாகும். புகழ்வோர் இதனை வியப்பாகச் சொல்வர். ஒதுக்குவோர் இதனையே குறையாகச் சொல்வர். இரு சாராரும் ஒரே கருத்தை அடிப்படையாகக் கொண்டுள்ளனர். வித்துவான் ஒருவரின் இல்லத்தில் தங்கிச் சரளி, அலங்காரம், கீதம், வருணம் என்று படிப்படியாகக் கற்பது மட்டுமே பயிற்சி என்பது அக்கருத்து. இது எவ்வளவு தூரம் பொருந்தும்?

சங்கரதாச சுவாமிகளின் (1867–1922) பின்புலத்தை நோக்கினால் இதற்கு விடை கிடைக்கும். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்ற அவர், புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்கு உரியவராகி அவரிடம் தாள நுட்பங்களை அறிந்துகொண்டார். மான்பூண்டியா பிள்ளை, கஞ்சிராவைச் செவ்விசை மேடையில் நிலைபெறச் செய்தவர். தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் ஆசிரியர். லய மரபில் புதுக்கோட்டை வழி என்று இன்று நாம் போற்றுவது அவரிடமிருந்து கிளைத்ததே. ஆகவே நாடகச் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த 'வாத்தியார்', செவ்விசை மரபுக்குப் புறத்தே நின்றவர் அல்லர். அவர் இயற்றிய பாடல்களில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பும் உண்டு. வெண்பா, விருத்தம், கலித்துறை, சந்தம், சிந்து, கண்ணி என்னும் தமிழ் யாப்பு வகைகளும் உண்டு. ஒரு நாடகத்தைப் பாடம் செய்த சிறுவன் இவ்வளவையும் ஒருசேரப் பாடம் செய்தவன் ஆகிறான். தாளம் பிசகினாற் பிரம்படி விழும் என்ற நிலையும் இருந்தது. அம்முறையை நான் நல்லதென்று சொல்லவில்லை. ஆயினும் அங்குப் பயிற்சி இல்லையென்று எவரும் சொல்ல முடியாது.

பாலர் சபைகளின் நாள்முறையை அவ்வை தி. க. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். பகலெல்லாம் பாடம், இரவெல்லாம் நாடகம் என்னும் அவ்வாழ்க்கையில் சிறுவர்கள் அஞ்சிய ஒன்று மகரக்கட்டு. குரல் உடையும் பருவத்தில் எத்தனையோ நட்சத்திரச் சிறுவர்கள் ஒரே ஆண்டில் மறக்கப்பட்டனர். சமையற்கட்டுக்கோ திரைச்சீலை இழுக்கும் வேலைக்கோ போனவர்களும் உண்டு. குருகுலத்தில் மகரக்கட்டு வந்த மாணவனுக்கு ஆசிரியர் ஓராண்டு ஓய்வு கொடுக்கலாம். சம்பளத்திற்கு நடிக்கும் சிறுவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்த குரல்கள் அனைத்தும் ஒரு கடுமையான தேர்வில் வென்ற குரல்களே.

இவ்விடத்தில் எம். கே. தியாகராச பாகவதரை எண்ணிப் பார்ப்பது பயனுடையது. திருச்சியில் எஃப். ஜி. நடேச ஐயரின் இரசிக ரஞ்சன சபா நாடகத்தில் லோகிதாசனாகத் தொடங்கிய பாகவதர், ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் முறையாக இசை பயின்றார். அதே ஆசிரியரின் பயிற்சியில்தான் ஆலத்தூர்ச் சகோதரர்களும் உருவாயினர். ஒரே ஊற்றிலிருந்து கச்சேரி மேடைக்கு ஒரு வாய்க்காலும் நாடக மேடைக்கு ஒரு வாய்க்காலும் பிரிந்தன. பாகவதரின் பாட்டில் அமைதியும் ஒழுங்கும் மிகுதி; ஒவ்வொரு சங்கதியும் தன் இடத்தில் வந்து அமரும். கிட்டப்பாவின் பாட்டில் அடுத்து என்ன வரும் என்பதை ஊகிக்க முடியாத ஒரு துணிவு உண்டு. மேடையில் அன்றைய இரவு எதிரே நிற்பவர் யார், அவர் எந்தப் பாட்டை எடுப்பார் என்று தெரியாமல் பாடிப் பழகியவரின் துணிவு அது. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி ஒருவரையொருவர் மேடையிற் சந்திப்பர். 'வள்ளி திருமண'த்தில் வேலனும் வள்ளியும் தர்க்கம் புரியும் இடத்தில் ஒருவர் எடுத்த இராகத்திற்கும் சொல்லுக்கும் மற்றவர் அப்போதே விடை தரவேண்டும். கச்சேரியில் மனோதர்மம் என்று போற்றப்படும் ஆற்றலின் மறுவடிவமே இது. இங்கே அது சொல்லையும் சேர்த்துச் சுமக்கிறது.

சுருதியின் அரசியல்

கிட்டப்பாவின் சுருதி ஐந்து கட்டையை ஒட்டியது என்பது பலரும் அறிந்த செய்தி. இதன் பொருளை அனைவரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. இன்று ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டை முதல் இரண்டு கட்டைக்குள் பாடுகின்றனர். பெண்களின் சுருதியே ஐந்து கட்டையைச் சூழ்ந்து அமைகிறது. ஒலிவாங்கி பரவாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர, உயர்ந்த சுருதி நடிகனுக்கு இன்றியமையாததாக இருந்தது. இந்தக் காரணத்தைப் பலர் கூறியுள்ளனர். இதனால் விளைந்த மற்றொன்றே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே சுருதியில், ஒரே தாயியில் பாடக்கூடியவர்களாக இருந்தனர். ஆணும் பெண்ணும் இணைந்து பாடும்போது இருவரில் ஒருவர் தம் குரலின் இயல்பான இடத்தை விட்டுக்கொடுக்க நேர்வது வழக்கம். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவர் பெண்ணாகவே இருப்பார். இங்கு அது நிகழவில்லை. தர்க்கப் பாடல்களில் வேலனின் மேற்தாயிப் பஞ்சமத்தை வள்ளி அதே இடத்திலிருந்து எதிர்கொள்ள முடிந்தது. வேலன் தெய்வம், வள்ளி குறமகள் என்பது கதை. பாட்டளவில் இருவரும் நிகர். அந்த நாடகத்தை மக்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததற்கு இந்நிகர்நிலை ஒரு காரணமாகலாம் என்று கருதுகிறேன். அவர்கள் பார்க்க வந்தது கதையின் முடிவையன்று. முருகன் வள்ளியை மணப்பான் என்பது எவர்க்குத் தெரியாது? இன்றிரவு யார் யாரை வெல்வார் என்பதைக் காணவே வந்தனர்.

இப்பாட்டுக்குத் துணைநின்றது ஆர்மோனியம். கிட்டப்பாவின் உடன்பிறந்தார் காசி ஐயர் அக்கருவியில் வல்லவர். கமகத்தை வாசிக்க இயலாத கருவி என்று இசையறிஞர்கள் அதனை இகழ்ந்தனர்; 1940-இல் அனைத்திந்திய வானொலி அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. இகழ்ச்சியில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்போர்க்கு ஒன்று புலப்படும். ஆர்மோனியம் தட்டையாக நிறுத்தும் சுரத்தைக் குரல் அசைத்தும் வளைத்தும் மீட்டெடுக்கிறது. கருவியின் குறை பாடகரின் கமகத்தை மழுங்கச் செய்யவில்லை. அதனை வெளிச்சமிட்டுக் காட்டுகிறது.

கதையை நிறுத்திய பாட்டு

இதுவரை கூறியவற்றால் இக்கட்டுரை கிட்டப்பாவுக்கு வழக்குரைப்பதாகத் தோன்றலாம். அவர்மீது சாட்டத்தக்க குற்றம் ஒன்று உண்டு; அதனை மறைப்பது திறனாய்வு ஆகாது. அவர் பாடும்போது நாடகம் நின்றுவிடும்.

'எவரனி' என்னும் தியாகராசர் கீர்த்தனையை அவர் தேவாமிருதவர்ஷிணி இராகத்தில் பாடிய இசைத்தட்டு தமிழ்நாடெங்கும் பரவியது. இறைவனைச் சிவன் என்பதா, மாதவன் என்பதா, நான்முகன் என்பதா, அனைத்தையும் கடந்த பரம்பொருள் என்பதா என்று வினவி, இராம நாமத்தில் இரு மந்திரங்களின் உயிரெழுத்தும் இணைவதைக் காட்டும் தத்துவப் பாடல் அது. தெலுங்கறியாத எளிய மக்கள் இதனை முணுமுணுத்தனர் என்பது இசையின் வெற்றி. இத்தகைய கீர்த்தனைகளை நாடகத்தின் இடையே, கதைக்குத் தொடர்பின்றிப் பாடுவதும், 'ஒன்ஸ்மோர்' என்ற குரல் எழுந்தால் மீண்டும் பாடுவதும் அக்கால மேடையின் பொது வழக்கம். கிட்டப்பா அவ்வழக்கத்தின் உச்சம். மனைவியைப் பிரிந்த அரசன் புலம்பலை நிறுத்திவிட்டு, அவையோரை நோக்கி நின்று இராக ஆலாபனை செய்தால் அரசன் மறைகிறான். பாடகன் மட்டுமே எஞ்சுகிறான். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் உரையாடலுக்கு முதன்மை தந்த நாடகங்களை நோக்கித் தமிழ் மேடையைத் திருப்ப முயன்றதன் நியாயம் இங்கு விளங்கும்.

ஆயினும் கிட்டப்பாவின் பாட்டு முழுவதும் ஒரே தன்மையது அன்று. கீர்த்தனை ஒரு வகை. விருத்தம் வேறு வகை. தாளக் கட்டின்றிச் சொல்லின் பொருளை ஒட்டி இராகத்தை விரிக்கும் விருத்தம், நடிப்போடு மிக நெருங்கிய இசைவடிவம். வள்ளலாரின் 'கோடையிலே இளைப்பாற்றி' என்னும் பாடலை அவர் விருத்தமாகப் பாடிய பதிவு இதற்குச் சான்று. வெயிலில் வாடியவனுக்குக் கிடைத்த நிழலைச் சொல்லும் பாட்டு அது. சொற்கள் ஒவ்வொன்றும் முழுமையாக ஒலிக்கின்றன. பிருகாக்கள் சொல்லின் நடுவே புகுந்து அதனை உடைப்பதில்லை. சொல் முடிந்த இடத்திற் பிறக்கின்றன. நாடகம் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் இது. வெறும் கச்சேரிப் பாடகர் பலரிடம் காணக் கிடைக்காதது. பிழையும் சிறப்பும் ஒரே மேடையிலிருந்து அவருக்கு வந்தன என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்கு வேண்டும். நாம் கேட்பவை நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும் தட்டுகளின் ஒரு பக்கத்தில் அடங்கிய மூன்று, மூன்றரை நிமிடப் பாடல்கள். மேடையில் அரைமணி நேரம் விரிந்த இராகம் தட்டில் ஒரு மூச்சாகச் சுருங்கியிருக்கும். அவருடைய விரைவு பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம் ஓரளவு இசைத்தட்டு நிறுவனத்தின் கடிகாரம் நமக்குத் தந்த எண்ணமாகவும் இருக்கலாம். மலாயாவிலும் சிங்கையிலும் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'அரிச்சந்திரா' முதலிய நாடகங்கள் தோட்டங்களிலும் நகரங்களிலும் பல்லாண்டுகள் ஆடப்பட்டன. இங்குள்ள பாடகர் பலருக்கு அம்மேடையின் புகழ்பெற்ற குரல்கள் நேரில் எட்டவில்லை. கிராமபோன் பெட்டியின் வழியே வந்தன. தட்டின் சுருக்கத்தையே முழுமையென்று கொண்டு நம் நாடகக்காரர் பாடினரா, அல்லது தாமே விரித்துக்கொண்டனரா என்பது இந்நாட்டு நாடக ஆய்வில் எவரேனும் தனியே எடுத்துக்கொள்ளத்தக்க பொருள்.

இரு அளவுகோல்கள்

1920-களின் இறுதியும் 1930-களும் கருநாடக இசைக் கச்சேரி இன்றைய வடிவம் பெற்ற காலம். 1928-இல் சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது. அரியக்குடி இராமானுச ஐயங்காரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கச்சேரி முறை வேரூன்றியது. அம்முறையில் தமிழ்ப் பாடல்களுக்குப் பெரும்பாலும் கிடைத்த இடம் இறுதியில் வரும் துக்கடா. அதே ஆண்டுகளில் சபாவின் வாயிலை மிதித்திராத உழவரும் கூலியாளரும் இரவு முழுதும் அமர்ந்து, செவ்விசை இராகங்களில் அமைந்த தமிழ்ப் பாடல்களை நாடகக் கொட்டகையிற் கேட்டுக்கொண்டிருந்தனர். 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943-இல் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டபோதும், தமிழிற் பாட உருப்படிகள் உண்டா என்னும் வினா எழுந்தது. அண்மைக் காலம்வரை நாடகக் கொட்டகையில் பல்லாயிரவர் கேட்டுக்கொண்டிருந்த பாடல்களை அவ்வினாவுக்கு விடையாக முன்வைத்தவர் மிகச் சிலரே. தேவாரம் தேடப்பட்டது, முத்துத்தாண்டவர் தேடப்பட்டார், சங்கரதாசர் தேடப்படவில்லை. நாடகக்காரர்க்கு இருந்த சமூக மதிப்பின்மையே இதற்குக் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதனை உறுதிப்படுத்தும் மற்றொரு செய்தியும் உண்டு. கிட்டப்பா பேசும்படம் எதிலும் நடிக்காமலே மறைந்தார். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் கச்சேரி வித்துவான்கள் ஒருவர்பின் ஒருவராகத் திரைக்கு வந்தனர். ஜி. என். பாலசுப்பிரமணியம் 1934-இல் 'பாமா விஜய'த்தில் நடித்தார். முசிறி சுப்பிரமணிய ஐயர் 1938-இல் துக்காராமாகத் தோன்றினார். வேடம் புனைந்து, கதையின் நடுவே நின்று பாடியமையால் இவர்களின் வித்துவத் தகுதி குறைந்ததாக எவரும் எழுதவில்லை; எழுதியிருந்தால் அது நகைப்புக்கிடமாகியிருக்கும். ஜி. என். பி.யின் உயர்ந்த சுருதியிலும் பிருகாவிலும் கிட்டப்பாவின் தாக்கம் உண்டு என்று இசை வரலாற்றாளர் கூறுவர். அவ்வாறாயின், கச்சேரி மேடையில் செவ்விசை என்று ஏற்கப்பட்ட ஒன்று, அது புறப்பட்ட இடத்தில் மட்டும் ஏன் நாடகப் பாட்டு என்று பெயர் பெற்றது?

1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' திரைப்படம் இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் வெண்ணிற ஆடை பூண்டு, இனி எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்ட சுந்தராம்பாள், அப்படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய் என்பது நன்கறியப்பட்டது. நந்தனாரை அடக்கியாளும் வேதியராக நடித்தவர் மகாராசபுரம் விசுவநாத ஐயர். கச்சேரி மேடையின் முதல்வரிசை வித்துவான்களில் ஒருவர். கோயிலுக்குள் நுழைய இசைவு வேண்டி நிற்பவராக நாடகமேடைப் பாடகி. இசைவு மறுப்பவராக வித்துவான். வேடங்களை வகுத்தவர்கள் இதனை எண்ணியிருக்க மாட்டார்கள்.

கிட்டப்பாவின் குரல் வழியைத் தேடுவோர் பெரும்பாலும் டி. ஆர். மகாலிங்கத்தை நோக்கியே செல்வர். கிட்டப்பாவின் குரலோடு இணைத்து நினைக்கப்படும் 'காயாத கானகத்தே' பாடலை 1945-இல் 'ஸ்ரீ வள்ளி' படத்தில் அவர் பாடியது அதற்குக் காரணம். அது குரலின் சாயல் பற்றிய செய்தி. இசைமுறையின் தொடர்ச்சியைக் காண விழைவோர் சுந்தராம்பாளையே கேட்க வேண்டும். அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்து இரங்குவோர் பலர். அவர் பாட்டை ஆராய்ந்தோர் சிலரே. கிட்டப்பாவின் மேடை வாழ்வு இருபது ஆண்டுகளை ஒட்டியது. சுந்தராம்பாள் அவருக்குப் பின் நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, 1980-இல் மறைந்தார். 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்களில் ஒலிவாங்கியும் பெரிய வாத்தியக் குழுவும் அவருக்குத் துணையாக இருந்தன. இருந்தும் விருத்தம் பாடும் இடங்களில் அவர் குரலை அடக்கவில்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் ஒருவர் இன்னும் அமர்ந்திருக்கிறார் என்பதுபோலவே, மேற்தாயியில் சொல்லை நிறுத்தி, அது முழுதும் ஒலித்து முடிந்தபின் பிருகாவைத் தொடங்கினார்.